மூன்று பழுப்புப் பொட்டுகள்: புனோம் பென்னிலிருந்து பைலின் வரை

சென்னையில் 31 ஆண்டுகள் மலேரியா ஆய்வுக்கூட நுட்புநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஜீம்சா சாயம் ஏற்றிய ஸ்லைடைக் கையில் கொடுத்தால் அதில் ஒட்டுண்ணி இருக்கிறதா, இருந்தால் எந்த இனம், வைவாக்ஸா ஃபால்சிபாரமா, எவ்வளவு அடர்த்தி என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த ஒட்டுண்ணி மருந்துக்குச் சாகுமா, சாகாதா என்பதை எந்த ஸ்லைடும் எனக்குச் சொன்னதில்லை. மருந்துக்கு அடங்குவதும் அடங்காததும் நுண்ணோக்கியில் சிவப்புப் பொட்டு வைத்த அதே நீல மோதிரமாகத்தான் தெரியும். மருந்துக்கு அடங்காத மலேரியா தலையெடுத்ததால், அந்த வேறுபாட்டை மரபணுவில் படித்தறியும் முயற்சிக்குக் காரணமான ஊர் மேற்குக் கம்போடியாவில் தாய்லாந்து எல்லையை ஒட்டி இருக்கும் பைலின். அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த ஏழு நாள் குறிப்புகளை அன்றன்று இரவிலேயே எழுதிப் பதிந்தேன்.

நவம்பர் 4, 2024, திங்கள்: புனோம் பென்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மாலை நான்கரை மணி. மழை அப்போதுதான் ஓய்ந்து புழுக்கம் ஏறியிருந்தது. ஐப்பசி மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும் சென்னை மாலையைப் போலவே இருந்தது. அடுத்த வாரம் நீர்த்திருவிழா என்பதால் தோன்லே சாப் ஆற்றில் நீண்ட படகுகள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தன.

விடுதியில் முதல் சங்கடம் காத்திருந்தது. நான் நீட்டிய 20 டாலர் நோட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. வரவேற்பில் இருந்த பையன் அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரு கைகளாலும் பணிவாகத் திருப்பிக் கொடுத்தான். பணம் மாற்றும் கடைக்காரரும் அதையே செய்தார். இந்த நாட்டில் கடைத்தெரு முழுவதும் டாலர் புழங்குகிறது, ஆனால் கிழிந்த டாலரை யாரும் தொடுவதில்லை. கையில் வேறு சில்லறை இல்லாமல் தெருவோர நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து குய்தியவ் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இந்தச் சிக்கலின் கனம் எனக்கு உறைத்தது. கிண்ணம் 10,000 ரியல், அதாவது இரண்டரை டாலர். கடைக்கார அம்மாள் நோட்டைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், நாளைக்குக் கொடுத்தால் போதும் என்று கையால் காட்டினார். கூடவே தட்டில் இரண்டு வாழைப்பழங்களையும் வைத்தார்.

மொழிபெயர்க்க என்னுடன் வரப்போகும் மாணவி இரவு எட்டு மணிக்கு வந்தார். மருந்தியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். வணக்கம் சொன்னதும் முதலில் என் வயதைத்தான் கேட்டார். கேட்டது மரியாதைக் குறைவல்ல. என்ன முறை சொல்லி அழைப்பது என்று தெரிந்தால்தான் கெமர் மொழியில் பேச்சையே தொடங்க முடியும். அறுபத்திரண்டு என்றேன். அந்த நிமிடம் முதல் நான் அவருக்கு ‘ஓம்’, நம் ஊர்ப் பெரியம்மாவின் இடம்.

நவம்பர் 5, செவ்வாய்: ஆய்வகத்தில்

காலையில் முதல் வேலையாக நூடுல்ஸ் கடைக் கடனை அடைத்தேன். பிறகு ஓர் ஆய்வகத்துக்குப் போனோம். தங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் நடந்தோம். மேசைமேல் ஒரு வடிதாள் அட்டை இருந்தது. அதில் குங்குமப் பொட்டு அளவில் மூன்று பழுப்பு வட்டங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் காய்ந்தால் இந்த நிறத்துக்கு வந்துவிடும். அட்டையை நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு சிறு பிளாஸ்டிக் உறையில் அடைத்துவிட்டால் போதும். குளிர்பெட்டியும் ஐஸும் வேண்டியதில்லை. காட்டோரக் கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளிலும், அங்கிருந்து பேருந்திலும், தேவையானால் விமானத்திலும் அந்தப் பொட்டுகள் கெடாமல் போய்ச் சேரும். ஸ்லைடு உடைந்து போகும், சாயம் வெளிறும், குளிர் விட்டுப்போனால் குழாய் ரத்தம் கெடும் என்றெல்லாம் 31 ஆண்டுகள் கவலைப்பட்டவள் நான் என்பதால், இந்த எளிமை என்னைச் சில நிமிடங்கள் பேசவிடாமல் செய்துவிட்டது.

அட்டையிலிருந்து ஒரு வட்டத்தைத் துளைத்தெடுத்து டிஎன்ஏவைக் கரைத்தெடுக்கிறார்கள். மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள், ஃபால்சிபாரத்தின் தொகுப்பில் சுமார் 2.3 கோடி எழுத்துகள். நோயாளியின் வெள்ளணுக்களிலிருந்து வரும் மனித டிஎன்ஏவின் பெருக்கத்துக்கு நடுவே ஒட்டுண்ணியின் எழுத்துகளை மட்டும் தேடிப் பெருக்கி எடுப்பதுதான் இதில் பெரும்பாடு. அதன் பிறகு எந்த மலேரியா மருந்துக்கு அடங்குமா என்று அறிய எந்த மரபணுவில் மாற்றத்தைத் தேட வேண்டும் என்பது ஏறத்தாழத் தெரிந்த கதை. குளோரோகுயினுக்கு பிஎஃப்சிஆர்டி, பைரிமெத்தமினுக்கு டிஹெச்எஃப்ஆர், சல்ஃபடாக்சினுக்கு டிஹெச்பிஎஸ், மெஃப்ளோகுயினுக்கு எம்டிஆர்1, ஆர்ட்டெமிசினின் குடும்பத்துக்கு கெல்ச்13.

‘மாற்றம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சரி, அது எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்’ என்று மாணவி கேட்டார். எனக்கு நினைவுக்கு வந்தவை நம் ஏட்டுச்சுவடிகள். ஒரு நூலுக்குப் பல ஊர்களில் ஏடுகள் கிடைக்கும்போது, உ.வே.சாமிநாதையரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் அவற்றை அருகருகே வைத்துப் பாடபேதங்களை ஒப்பிட்டார்கள். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், எழுதியவர் இருவரும் தனித்தனியே அங்கே கைதவறியிருக்கலாம். ஆனால் அந்தப் பிழைக்கு முன்னும் பின்னும் உள்ள அடிகளிலும் அதே சிறு சிறு வேறுபாடுகள் தொடர்ந்து வந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவை என்று துணியலாம். ஒட்டுண்ணியிலும் அவ்வாறுதான். மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் ஓர் எழுத்து மாற்றத்தை மட்டும் பார்க்காமல், அதன் இரு பக்கமும் பல ஆயிரம் எழுத்துகளை ஒப்பிடுகிறார்கள். பக்கங்களும் ஒத்துப்போனால் அந்த ஒட்டுண்ணிகள் ஒரே தாயின் வழி வந்தவை. ஒத்துப்போகவில்லை என்றால் அந்தந்த ஊரிலேயே புதிதாகப் பிறந்தவை. மாணவி தன் குறிப்பேட்டில் இதைக் கெமர் எழுத்தில் எழுதிக்கொண்டார். அந்த எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது என்பதால், எழுதும்போது சில வளைவுகள் எனக்குத் தெரிந்தவை போலவே இருந்தன.

கெல்ச்13 கண்டுபிடிக்கப்பட்ட கதையை நான் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. தான்சானியாவிலிருந்து வந்த ஒட்டுண்ணி வகை ஒன்றை ஆய்வகத்தில் ஐந்து ஆண்டுகள் வளர்த்து, ஆர்ட்டெமிசினினை மீண்டும் மீண்டும் கொடுத்து, பிழைத்ததை மட்டும் வளர்த்து, மறுபடியும் மருந்தைக் கொடுத்தார்கள். இறுதியில் பிழைத்த ஒட்டுண்ணியின் முழு எழுத்துகளையும் தொடக்கத்தில் இருந்ததோடு ஒப்பிட்டபோது, 13ஆம் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு கண்ணில் பட்டது. அதே மரபணுவில் கம்போடிய நோயாளிகளின் ஒட்டுண்ணிகளிலும் மாற்றங்கள் இருந்தன. அவற்றில் பெயர் பெற்றது சி580ஒய், அதாவது புரதத்தின் 580ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டைரோசின். பிரெடெரிக் ஆரியே, திதியே மெனார் உள்ளிட்டோரின் அந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதற்கு முன் ஓர் ஊரில் எதிர்ப்பு இருக்கிறதா என்று அறிய நோயாளியைப் படுக்க வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, ஒட்டுண்ணி எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று எண்ண வேண்டியிருந்தது. அதற்குப் பின் மூன்று பொட்டுகள் போதுமானவையாயின.

இந்த மாற்றம் ஒட்டுண்ணியைக் காப்பாற்றும் விதமும் வியப்பானது. ஆர்ட்டெமிசினின் தானாகவே நஞ்சல்ல. ஒட்டுண்ணி தின்னும் ஹீமோகுளோபினிலிருந்து வெளிப்படும் இரும்போடு சேரும்போதுதான் அது கொல்லும். கெல்ச்13 மாறிய ஒட்டுண்ணி, மோதிரமாகத் தெரியும் இளம் பருவத்தில் ஹீமோகுளோபினைக் குறைவாகவே உட்கொள்கிறது என்று 2020இல் காட்டினார்கள். மருந்து ரத்தத்தில் இருக்கும் சில மணி நேரம் விரதம் இருந்து, அது வடிந்ததும் எழுந்து உண்கிறது.

நவம்பர் 6, புதன்: பேருந்தில்

பட்டம்பாங்குக்கு ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 290 கிலோமீட்டர். கட்டணம் 12 டாலர். காலை எட்டு மணிக்குக் கிளம்பிய பேருந்து புர்சாட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். மூன்று மணி நேரம் சாலையோரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் வயல், வயல் வரப்பெல்லாம் பனை. மழை கொட்டியது. ஒருவரும் ஓட்டுநரிடம் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பெரியவர் கழுத்திலிருந்த கட்டம்போட்ட கிராமா துண்டை விரித்து, மூங்கில் குழாய் ஒன்றைப் பிளந்து வைத்தார். தேங்காய்ப்பாலும் காராமணியும் சேர்த்து மூங்கிலுக்குள் சுட்ட ஒட்டரிசிச் சோறு, பெயர் க்ரலான். வெந்த மூங்கில் சவ்வோடு உரிந்து வரும் அந்தச் சோற்றில் பாதியை எனக்கு ஒதுக்கினார். 1980களில் எல்லையோர முகாமில் இருந்ததாகவும், துப்பாக்கியைவிடக் காய்ச்சலுக்கே அதிகம் அஞ்சியதாகவும் சொன்னார். மூன்று போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கியதைத் தோள்களைக் குலுக்கிக் காட்டினார்.

நின்ற இடம் புர்சாட் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. ஆர்ட்டெமிசினின் குடும்ப மருந்தை, உடலில் நெடுநாள் நின்று வேலை செய்யும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது விதி. முன்னது விரைவாகக் கொன்று விரைவாக வடியும். மிஞ்சியதைப் பின்னது வாரக்கணக்கில் இருந்து கொல்லும். கம்போடியாவில் அந்தத் துணை மருந்தாகப் பைப்பெராகுயினைக் கொண்டுவந்தார்கள். 2012–13இல் இந்த மாகாணத்தில் செய்த ஆய்வில், சிகிச்சை முடிந்தும் நூற்றில் ஏறத்தாழ 46 பேருக்கு அதே ஒட்டுண்ணி திரும்ப வந்தது. முன்னது சரியாகக் கொல்லாததால் மிஞ்சிய கூட்டம் பெருகி, அந்தக் கூட்டத்தில் பின்னதற்கும் எதிர்ப்பு பிறந்துவிட்டிருந்தது. பிளாஸ்மெப்சின் 2, 3 என்ற மரபணுக்களின் கூடுதல் படிகள் (நகல்கள்)தான் இதன் அடையாளம் என்று 2017இல் வெளியான ஆய்வுகள் சொல்லின.

இங்கேதான் மரபணுவைப் படிப்பது ஆய்வுக் கட்டுரையோடு நிற்காமல் நோயாளியின் வாய்க்குப் போகும் மாத்திரையையே மாற்றியது. மெஃப்ளோகுயின் எதிர்ப்பின் அடையாளம் எம்டிஆர்1 மரபணுவின் கூடுதல் படிகள். பைப்பெராகுயினுக்கு அடங்காத ஒட்டுண்ணிகளில் அந்த மரபணு ஒரே ஒரு படியாகவே இருந்தது. அப்படியென்றால் முன்பு கைவிடப்பட்ட மெஃப்ளோகுயின் மறுபடியும் வேலை செய்யும். அதையே திரும்பக் கொண்டுவந்தார்கள், வேலை செய்தது.

இரவு ஏழரைக்குப் பட்டம்பாங்கு. முழங்கால் வரை நனைந்திருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்: பட்டம்பாங்கு

சந்தையில் நும் பஞ்சோக். அரிசி மாவை உழக்கில் பிழிந்து கொதிநீரில் இறக்குகிறார்கள். ஆவியில் வேகாத இடியாப்பம் என்று சொல்லலாம். மேலே மீனும் எலுமிச்சைப் புல்லும் அரைத்த பச்சைக் குழம்பு, வாழைப்பூச் சீவல், அவரைக்காய். 5,000 ரியல். குழம்பில் பிராஹோக் என்னும் புளித்த மீன் கூழ் சேர்ந்திருந்தது. நாக்குக்குப் பிடித்தது, வயிற்றுக்குப் பிடிக்கவில்லை. பிற்பகல் முழுவதும் விடுதி அறையில் கிடந்தேன்.

மாலையில் வயிற்றுக்கு மருந்து வாங்கப் போன கடையில், எங்களுக்கு முன்னால் நின்றவருக்கு ஐந்து நிற மாத்திரைகளை எண்ணி ஒரு சிறு பையில் போட்டுக் கொடுத்தார்கள். நம் ஊர்களிலும் உடம்பு வலிக்கு இப்படிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாம். மாணவி தாழ்ந்த குரலில் சொன்னார்: முன்பு காய்ச்சலுக்கும் இப்படித்தான் வாங்கினார்களாம், அதில் ஆர்ட்டெமிசினின் குடும்பத்து ஆர்ட்டெசுனேட்டும் ஒன்றிரண்டு இருக்குமாம். ஒரு நாள் விழுங்கினால் காய்ச்சல் விட்டுவிடும். மீதி நாட்களுக்கு யார் வாங்குவார்கள்? துணை மருந்தில்லாத, பாதியில் நிறுத்திய, சில வேளை போலி மாத்திரைகள் இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் புழங்கின. போலிகளில் சிலவற்றில் உறையின் ஹாலோகிராம் முத்திரையைக்கூடப் பார்த்துச் செய்திருந்தார்கள், உள்ளே மருந்து மட்டும் இல்லை அல்லது பெயருக்கு இருந்தது. அரைகுறை மருந்துதான் எதிர்ப்புக்கு நாற்றங்கால். துணையில்லாத ஆர்ட்டெமிசினின் மாத்திரைகளைக் கம்போடியா 2009இல் தடை செய்தது.

அந்த மருந்து பிறந்ததே இந்த மண்ணின் போரினால்தான் என்பதை நினைத்துக்கொண்டேன். வியட்நாம் காடுகளில் குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா வீரர்களைச் சாய்த்ததால், 1967 மே 23 அன்று சீனா ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பணியாற்றிய து யோயோ மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்த எல்லைக் காடுகளின் மலேரியாவுக்காகத் தேடப்பட்டதோ, அந்தக் காடுகளிலேயே அதற்கு எதிர்ப்பும் முதலில் தலையெடுத்தது.

நவம்பர் 8, வெள்ளி: பைலின்

பங்கு டாக்சியில் 80 கிலோமீட்டர், தலைக்கு 5 டாலர், ஓட்டுநரையும் சேர்த்து ஏழு பேர். சாலையோரத்தில் சில இடங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி அகற்றாத நிலம். 1996 வரை இது கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் கோட்டை. இப்போது மலைச்சரிவெல்லாம் லோங்கன் தோப்பு. கடுகளவும் புளிப்பில்லாத, லிச்சியைவிடச் சிறிய பழம். வழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஒரு கொத்து வாங்கி எல்லோருக்கும் பகிர்ந்தார். பணம் தர முயன்றவர்களின் கையைத் தட்டிவிட்டார்.

மாலையில் நோம் யாட் குன்றில் ஏறினோம். மாணிக்கமும் நீலமும் தோண்டப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவிலிருந்து வந்த கோலா மக்களின் நினைவு இந்தக் குன்றோடு ஒட்டியிருக்கிறது. கல் தேடிப் பல ஊரார் வந்து போன இடம் இது. வந்தவர்களில் பலருக்கு மலேரியாவைத் தாங்கும் உடல் பழக்கம் இல்லை. திரும்பிப் போகும்போது கல்லோடு ஒட்டுண்ணியையும் கொண்டுபோனார்கள்.

இந்த ஊரைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்திய செய்தி உப்பு. 1960களின் தொடக்கத்தில், மலேரியாவை ஒழிக்கும் நல்ல நோக்கத்தோடு, பைரிமெத்தமினையும் பின்னர் குளோரோகுயினையும் சமையல் உப்பில் கலந்து இந்தப் பகுதி மக்களுக்குக் கொடுத்தார்கள். உப்பை ஒருவர் அதிகம் தின்பார், ஒருவர் குறைவாகத் தின்பார். குழந்தைக்கு ஒரு கிள்ளுத்தான் போகும். எல்லோர் ரத்தத்திலும் கொல்லப் போதாத அளவு மருந்து ஓயாமல் இருந்துகொண்டிருந்தது. குளோரோகுயின் எதிர்ப்பு இதற்குச் சற்று முன்பே, 1950களின் பிற்பகுதியில், இந்த எல்லையிலும் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும் தென்பட்டிருந்தது. அதை வளர்த்துவிடுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குளோரோகுயின் எதிர்ப்பு 1970களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டியது. அங்கே குளோரோகுயினை நம்பியிருந்த குழந்தைகள் இறந்தார்கள். பிஎஃப்சிஆர்டி மரபணுவில் 76ஆம் இடத்து மாற்றம் 2000இல் தெரியவந்த பிறகு பாடபேதங்களை ஒப்பிட்டார்கள். ஆப்பிரிக்க ஒட்டுண்ணிகளின் ஏடு ஆசிய ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தது என்று தெரிந்தது. பைரிமெத்தமின் எதிர்ப்பும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனதுதான் என்று 2004இல் காட்டினார்கள். இரண்டையும் பலர் இறந்துபோன பிறகுதான் அறிந்துகொண்டோம். மூன்றாவது முறை முன்கூட்டியே அறிந்துவிட வேண்டும் என்ற பதைப்பில் பிறந்ததுதான் இந்த வடிதாள் வேலை முழுவதும்.

ஒரு செய்தி மட்டும் ஆறுதல். மலாவி நாடு 1993இல் குளோரோகுயினை நிறுத்தியது. சில ஆண்டுகளில் எதிர்ப்பு ஒட்டுண்ணிகள் மறைந்து, மருந்துக்கு அடங்குபவை திரும்பிவிட்டன.

நவம்பர் 9, சனி: கிராமம்

கம்போடியச் சுதந்திர தினம். வீடுகளில் கொடி பறந்தது, கடைகள் பாதி மூடியிருந்தன. மலேரியாப் பணியாளர் ஒருவரைப் பார்க்க இரண்டு மோட்டார் சைக்கிள்களில் மலையடிக் கிராமத்துக்குப் போனோம். முந்தைய இரவு மழையில் செம்மண் பாதை குழம்பாகியிருந்தது. ஓடை இறக்கத்தில் வண்டி சறுக்கி நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். இடது செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஓடிவந்த இரண்டு சிறுவர்கள் சேற்றுக்குள் தோள் வரை கைவிட்டுத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவன் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் முன் வைத்துவிட்டு வெறுங்காலோடு போனான்.

பணியாளரை ஊரே ‘மிங்’ என்கிறது, சித்தி என்று பொருள். ஐம்பது வயதிருக்கும். கிராமத்துக்கு ஒருவரைத் தேர்ந்து, விரல் குத்திச் சோதித்து மருந்து கொடுக்கப் பழக்கும் ஏற்பாட்டைக் கம்போடியா 2004இல் தொடங்கியது. இவர் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுத் தூணில் தொங்கிய பையில் சோதனைக் கிட், கையுறை, மாத்திரை, வடிதாள் அட்டைகள். எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. என்னுடைய பழைய மேசையைப் பார்ப்பது போல இருந்தது.

அவர் பழைய பதிவேடுகளை எடுத்துவந்தார். தொடக்க ஆண்டுகளின் மழைக்காலப் பக்கங்களில் வரிக்கு வரி சிவப்புக் குறி. மருந்து கொடுத்து மூன்றாம் நாள் மறுபடி குத்திப் பார்த்தால் அப்போதும் ஒட்டுண்ணி இருக்குமாம். ‘நான்தான் தப்பாகக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது’ என்று அழுத நாட்கள் உண்டு என்றார். அவர் தவறு ஒன்றுமில்லை. ஆர்யன் டோன்டோர்ப் குழுவினர் பைலினில் 40 நோயாளிகளையும் தாய்லாந்தின் வாங் பாவில் 40 நோயாளிகளையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுண்ணி ரத்தத்தை விட்டு நீங்க நடுமட்டமாக வாங் பாவில் 48 மணி நேரமும் இங்கே 84 மணி நேரமும் ஆனது. அந்த எண்களை மாணவி கெமரில் சொன்னபோது மிங் பதிவேட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிந்திய பக்கங்களில் சிவப்பு அரிதாகிக்கொண்டே போனது. இந்த ஆண்டுப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. எதிர்ப்பின் தலைநகரத்துக்கு வந்து மலேரியாவே இல்லாத பதிவேட்டைப் பார்ப்பேன் என்று நான் எண்ணவில்லை. கம்போடியாவில் 2018 முதல் மலேரியாவால் ஒருவரும் இறக்கவில்லை. மிஞ்சியிருப்பதும் பெரும்பாலும் வைவாக்ஸ்தான். எதிர்ப்பு ஒட்டுண்ணியை அது வேறு எதற்கும் அடங்காமல் போகுமுன் ஒழித்துவிடுவதே ஒரே வழி என்று முடிவுசெய்து, காட்டுக்கு மரம் வெட்டவும் தேன் எடுக்கவும் போகும் ஆண்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, மிங்கைப் போன்றவர்கள் வீடு வீடாக நடந்து சாதித்தது இது.

இஞ்சியும் பனைவெல்லமும் போட்ட தேநீர் கொடுத்தார். குடிக்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். ‘பதினைந்து வருஷமாகத் தாளில் ரத்தம் எடுத்து அனுப்புகிறேன். அது எங்கே போகிறது, அதில் என்ன தெரிந்தது, ஓமுக்குத் தெரியுமா?’

எனக்குத் தெரியும். ஆனால் என் தொண்டை அடைத்துக்கொண்டது, ஏனென்றால் இதே கேள்வியை நானும் சுமந்தவள். என் மேசையிலிருந்து எத்தனையோ ஸ்லைடுகள் மேலே போயின; அவற்றால் என்ன முடிவாயிற்று என்று மேலிருந்து ஒருவரும் எனக்கு எழுதியதில்லை. மரபணு முடிவுகள் இப்போது நாட்டின் மலேரியாத் திட்டத்துக்குப் போகின்றன, ஆய்வுலகுக்குப் போகின்றன. விரலைக் குத்தியவரிடம் திரும்பி வருவதில்லை. இதைச் சிறு குறையாக நான் கருதவில்லை. நாளைக்கு அவர் சலித்துப்போய் அட்டையை எடுக்காமல் விட்டால், எந்தக் கணினியாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. கைப்பேசியில் காட்டலாம் என்று எடுத்தேன், சிக்னல் இல்லை. நாளைக் காலை சந்தைக்கு வருவதாக அவரே சொன்னார்.

இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. 2022இல் உலகில் மலேரியா கண்டவர்கள் 24.9 கோடி, இறந்தவர்கள் 6.08 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஏறத்தாழ அனைவரும் ஆப்பிரிக்கர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கம்போடியாவிலிருந்து ஆர்ட்டெமிசினின் எதிர்ப்பு அங்கே போய்விடக் கூடாது என்று எல்லோரும் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தபோது, ருவாண்டாவில் 2013–15இல் எடுத்த பொட்டுகளில் ஆர்561ஹெச் என்ற கெல்ச்13 மாற்றம் இருந்தது 2020இல் தெரிந்தது. சுற்றியிருந்த எழுத்துகள் ஆப்பிரிக்க எழுத்துகள்; அங்கேயே பிறந்திருக்கிறது. பிறகு வடக்கு உகாண்டாவில் வேறு இரண்டு மாற்றங்கள், எரித்திரியாவில் ஆர்622ஐ. எரித்திரிய ஒட்டுண்ணிகளில் சில, விரைவுச் சோதனைக் கிட் தேடும் புரதத்தின் மரபணுவையே இழந்துவிட்டிருப்பதால், மருந்துக்கும் தப்பிச் சோதனைக்கும் தப்புகின்றன. கம்போடியாவில் 2022இல் நோயாளிகள் சில ஆயிரம், ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கில். அத்தனை கிராமங்களிலும் பை தொங்கும் ஒரு தூணும், அட்டையை நிழலில் உலர்த்தும் ஒரு சித்தியும் வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு: பைலின் சந்தை

காபிக் கடையில் வைஃபை இருந்தது. பாலும் ஐஸும் போட்ட காபி 4,000 ரியல். மிங் சரியாக ஏழு மணிக்கு வந்தார், ஒரு கையில் கீரைக் கட்டு, மறு கையில் பிளாஸ்டிக் பையில் புதிய ரப்பர் செருப்பு. செருப்பைக் கொடுத்த சிறுவனுக்கு நான் வாங்கிக் கொடுக்கப் போகிறேன் என்று மாணவியிடம் சொல்லியிருந்தேன், அவர் முந்திக்கொண்டார். பணம் வாங்க மறுத்தார், பிறகு செருப்பின் விலையான 6,000 ரியலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மலேரியாஜென் என்ற கூட்டமைப்பு 33 நாடுகளின் 20,000க்கும் மேற்பட்ட ஃபால்சிபாரம் மாதிரிகளின் மரபணுத் தொகுப்பை 2023இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதன் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்தேன். முதலில் உலகம், பிறகு மேக்கோங் நாடுகள், பிறகு மேற்குக் கம்போடியா. புள்ளிகள் பிரிந்து பிரிந்து வந்தன: புர்சாட், பட்டம்பாங்கு, பைலின்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைலின் புள்ளியின்மேல் விரலை வைத்தார். இதில் தன்னுடைய தாள் இருக்கிறதா என்று கேட்டார். எந்தத் தாள் என்று சொல்ல முடியாது, பெயர் இருக்காது, ஆனால் இந்த ஊரில் உங்களைப் போன்றவர்கள் எடுத்த தாள்களால்தான் இந்தப் புள்ளி இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். இந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் உங்கள் பையில் உள்ள மாத்திரையை மாற்றினார்கள் என்றும் சொல்லச் சொன்னேன். மாணவி அதை மொழிபெயர்க்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். நான் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ருவாண்டாச் செய்தியையும் சொல்லச் சொன்னேன். மிங் படத்தை ஆப்பிரிக்கா பக்கம் நகர்த்தச் சொன்னார். ருவாண்டா எங்கே என்று கேட்டார், காட்டினேன். அங்கும் கிராமத்துக்கு ஒருத்தி இருக்கிறாளா என்றார். இருக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் அவர்களுக்கும் இந்தப் படத்தைக் காட்டியிருப்பார்களா என்று கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு தன் கைப்பேசியை எடுத்து, அந்தப் பைலின் புள்ளி இருக்கும் படத்தை டெலிகிராமில் அனுப்பச் சொன்னார். மாதக் கூட்டத்தில் மற்றப் பணியாளர்களிடம் காட்ட வேண்டுமாம். அனுப்பினேன். கீரைக் கட்டையும் செருப்புப் பையையும் வண்டியில் மாட்டிக்கொண்டு, எட்டு மணிக்குள் காட்டுக்குப் போகும் இரண்டு பேருக்கு விரல் குத்த வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.